எட்டாம் நம்பரில் ஈரம் ஆகாது

குற்றாலத்தில் சாரல் அடிக்கிற நேரத்தில் ஜன்னலை இறுக்கிச் சாத்திவிட்டு ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிறுக்கி நான் ஒருத்திதான் என்று ஊரே பேசியது. பேசிவிட்டுப் போகட்டும். ஊரைப் பற்றி எனக்கு என்ன? எனக்கிருந்த கவலையெல்லாம் பவுனுவைப் பற்றித்தான். பவுனு நிறைமாதமாக இருந்தாள்.

பவுனு ஒரு சின்சில்லா. அணிலைவிடப் பெரிது, முயலைவிடச் சிறிது. சாம்பல் நிறம், வட்டக் காது, புசுபுசுவென்று ஒரு வால். பூர்வீகம் தென்னமெரிக்க மலை. அங்கே குளிரும் உண்டு, வறட்சியும் உண்டு. அதற்குத் தகுந்தாற்போல் இவள் உடம்பில் ரோமம் அத்தனை நெருக்கம். நனைந்தால் லேசில் காயாது. காயாவிட்டால் குளிர் ஏறும், பூஞ்சை பிடிக்கும், ஆளே போய்விடுவாள். அதனால் தண்ணீரில் குளிக்கவே மாட்டாள். மாவு மாதிரி நைசான மண்ணை ஒரு சட்டியில் போட்டு வைத்தால் அதில் புரண்டு புரண்டு குளிப்பாள்.

இப்படி ஒரு ஜீவனைத் தூக்கிக்கொண்டு நான் வாழ்க்கைப்பட்டு வந்த இடம் எது தெரியுமா? குற்றாலம். அதுவும் ஐந்தருவி ரோட்டில் எட்டு அறை லாட்ஜ் நடத்துகிற வீடு. என் ராசி அப்படி.

நான் பிறந்த ஊர் தென்காசி. கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது கூடத் தங்கியிருந்த சிநேகிதியிடமிருந்து வாங்கிய ஜோடி இது. பவுனு, அவள் புருஷன் மைனர். கல்யாணத்துக்கு பீரோ, கட்டில், பாத்திரத்தோடு இவர்கள் கூண்டும் வேனில் வந்து இறங்கியது. என் மாமனார் குத்தாலிங்கம் அன்றைக்கே வாசலில் நின்று சிரித்தார்.

"எம்மா உமா, ஊரு உலகத்துல இருந்து சனம் குத்தாலத்துக்குத் தண்ணில குளிக்க வருது. உன் வீட்டுச் சீரு மட்டும் மண்ணுல குளிக்குது!"

மாமா நல்ல மனிதர்தான். மாமியார் இறந்த பிறகு லாட்ஜையும் வீட்டையும் ஒற்றை ஆளாகத் தாங்கியவர். ஆனால் சாரல் என்று வந்துவிட்டால் அவரோடு பேச முடியாது. தலைவலியா, சாரலில் நில். பசிக்கவில்லையா, சாரலில் நில். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையா, இரண்டு பேரும் போய்ச் சாரலில் நில்லுங்கள். வீட்டில் ஒரு ஜன்னல் சாத்தியிருந்தால் அவருக்கு மூச்சு முட்டும். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். என் வீட்டுக்காரர் முத்துகுமரன் இரண்டுக்கும் நடுவில் மாட்டாத ஆள். எங்கள் இருவரில் யார் குரல் உயர்ந்தாலும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தென்காசியில் அவர் வேலை பார்க்கும் பைக் ஷோரூமுக்குக் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகூடக் கிளம்பியிருக்கிறார்.

வெயில் காலத்துக்கு மட்டும் எட்டாம் நம்பர் அறையை மாமா எங்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். லாட்ஜிலேயே ஏசி உள்ள ஒரே அறை அது. சீசன் இல்லாத மாதங்களில் சும்மாதான் கிடக்கும். சின்சில்லாவுக்குச் சூடும் ஆகாது. சித்திரை வெயிலில் வெளியே விட்டால் மயங்கி விழுந்துவிடும். ஆகவே பவுனுவும் மைனரும் எட்டாம் நம்பரில் ராஜபோகமாக இருந்தார்கள். இருந்த இடத்தில் சும்மா இருந்தார்களா? அதுதான் இல்லை.

பவுனு அரிசித் தராசில் வாரத்துக்கு வாரம் கனத்துக்கொண்டே போனாள். வயிறு பக்கவாட்டில் தள்ளியது. காம்பு சிவந்தது. தென்காசிக்குத் தூக்கிப்போய்க் கால்நடை மருத்துவர் சேக் மைதீனிடம் காட்டினேன். அவர் மெதுவாக வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மாடு பாத்திருக்கேன், ஆடு பாத்திருக்கேன், இதைப் போன்லதான்மா பாத்திருக்கேன். ஆனா கர்ப்பம் கர்ப்பம்தான். உள்ள ரெண்டு துடிக்கிற மாதிரி இருக்கு. சென்னையில இந்த மாதிரிப் பிராணி பாக்குற சீனியர் ஒருத்தர் இருக்காரு, அவர்ட்ட கேட்டுச் சொல்லுதேன். நாலு மாசத்துக்குக் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான் இதுக்குக் கணக்கு."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பகீரென்றது. சரியாகச் சாரல் உச்சத்தில் வந்து நின்றது பிரசவம்.

அதைவிடப் பெரிய சிக்கல் சிவகிரி அண்ணாச்சி. சிவகிரியில் நிலபுலன் உள்ள பெரிய குடும்பத்து நம்பிராஜன் அண்ணாச்சி ஒவ்வொரு ஆடிக்கும் குடும்பத்தோடு வந்து எட்டாம் நம்பரில்தான் தங்குவார். எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு வந்து குளிரக் குளிரத் தூங்க வேண்டும் அவருக்கு. அந்த ஏசியே அவர் ஒரு வார்த்தை சொன்னதற்காக மாமா மாட்டியதுதான். அவருக்கு இல்லை என்று சொல்ல மாமாவுக்கு நாக்கு எழும்பாது.

"ஆடி பொறக்கதுக்கு முந்தி ரூமைக் காலி பண்ணிரும்மா" என்றார் மாமா.

"முடியாது மாமா. சாரல்ல ஏசி இருந்தாத்தான் அந்த ரூம் காயும். ட்ரை மோட்ல வச்சா காத்துல இருக்குற ஈரத்தை எடுத்துரும். குட்டி ஈரமாத்தான் பொறக்கும். சுத்தியும் ஈரக்காத்தா இருந்தா அது காயவே காயாது, குளுந்து செத்துரும்."

"குத்தாலத்துல எத்தன புள்ளைக பொறந்திருக்கு? எல்லாம் செத்தா போச்சு? நான் இங்கனதான பொறந்தேன்?"

"நீங்க ரோமத்தோடயா பொறந்தீங்க?"

முத்துகுமரன் ஹெல்மெட்டைத் தேட ஆரம்பித்தார். மாமா மீசையைத் தடவிக்கொண்டே ஒரு முடிவு சொன்னார். சிவகிரி அண்ணாச்சி வருவதற்குள் பவுனு பெற்று, குட்டி உயிரோடு நின்றுவிட்டால், எட்டாம் நம்பர் எனக்கே. அண்ணாச்சியிடம் அவரே பேசிக்கொள்வார். குட்டி நிற்கவில்லை என்றால் இந்த ஊர் அதுகளுக்கு ஆகாது என்று அர்த்தம். பவுனுவையும் மைனரையும் கோயம்புத்தூருக்கே அனுப்பிவிட வேண்டும்.

"வாயில்லாச் சீவனை வச்சு வதைக்கக் கூடாதும்மா" என்றார். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவர் இரக்கத்தோடு சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டேன். பவுனு இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. புது ஊரில், புது வீட்டில், முதல் ஒரு வருஷம் நான் மனசு விட்டுப் பேசியதெல்லாம் அவளிடம்தான்.

அன்றிலிருந்து எட்டாம் நம்பரைப் பிரசவ வார்டாக மாற்றினேன். கூண்டில் உயரத்தில் இருந்த பலகைகளைக் கழற்றிக் கீழே மாட்டினேன். குட்டிகள் பிறந்த அன்றே ஓடும், ஏறும், மேலிருந்து விழுந்தால் எலும்பு நொறுங்கிவிடும். கம்பி இடைவெளியில் அவை நழுவிப் போகாதபடி அடிப்பக்கம் சுற்றிலும் நெருக்கமான கம்பிவலை கட்டினேன். கட்டிலை எடுத்துவிட்டு நான் தரையில் பாய் போட்டேன். நாள் நெருங்கியதும் மண் சட்டியையும் எடுத்துவிட்டேன். பெற்ற உடம்பில் மண் பட்டால் சீழ் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கடைசியாக மைனரைப் பிரித்துத் தனிக் கூண்டில் விட்டேன். அதற்கும் மாமா வந்துவிட்டார்.

"புள்ள பொறக்கப்போற நேரத்துல புருசனைப் பிரிக்கியே, பாவம்லாம்மா?"

"பெத்த அன்னைக்கே மறுபடியும் சேர்ந்துரும் மாமா. உடனே அடுத்த வயிறு. அவ உடம்பு தாங்குமா? நம்ம ஊர்லயும் பேறுகாலத்துக்குப் பொண்ணைத் தாய்வீட்டுக்குத்தானே கூட்டிட்டுப் போறாங்க? எதுக்காம்?"

மாமா அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. வராண்டாவில் அவர் தனியாகச் சிரிப்பது கேட்டது.

அதற்குப் பிறகு அவரிடம் ஒரு மாற்றம். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது கொய்யாக் குச்சி நாலு ஒடித்துக்கொண்டு வருவார். சின்சில்லாவுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கடித்துத் தேய்க்க ஏதாவது வேண்டும். மருந்து அடிக்காத மரமா என்று விசாரித்து, கழுவி, வெயிலே இல்லாத அந்த நாட்களில் அடுப்படியில் காயவைத்து, பிறகுதான் தருவார். பவுனு முன்னங்கால்களால் குச்சியைப் பிடித்துக் கரகரவென்று கொறிப்பதைக் கதவோரம் நின்று பார்ப்பார். நான் பார்த்தால் ஏசியைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொள்வார். மனிதர் மடங்கிவிட்டார் என்று நான் உள்ளுக்குள் துள்ளினேன். அங்கேதான் ஏமாந்துபோனேன்.

சாரல் பிடித்தது. ஆனி கடைசியில் அருவிகள் கொட்ட, ரோடு முழுக்க ஈரத்துண்டும் எண்ணெய் வாடையும் கார் ஹாரனுமாக ஊர் நிரம்பிவிட்டது. லாட்ஜிலும் மற்ற ஏழு அறையும் நிறைந்தது. தாழ்வாரமெல்லாம் ஈரக் காலடி. யார் யாரோ சொட்டச் சொட்டப் போனார்கள், வந்தார்கள். நான் எட்டாம் நம்பர் வாசலில் இரண்டு சாக்கு மிதியடி போட்டு, எவராவது ஈரத்தோடு அந்தப் பக்கம் வந்தால் விரட்டினேன். ஈரத்தலையோடு எட்டிப் பார்த்த முத்துகுமரனையே விரட்டினேன்.

சிவகிரி அண்ணாச்சி மறுநாள் காலை வருவதாகப் போன் வந்தது. பவுனு இன்னும் பெறவில்லை. அன்று மத்தியானம் தென்காசி கூரியர் ஆபீசில் அவளுக்கான உலர்புல் பார்சல் வந்து கிடந்தது. பழைய புல் லேசாக நமுத்திருந்ததால் மனசு கேட்காமல் நானே ஸ்கூட்டியில் போனேன். போகும்போது மாமாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "மழை படக் கூடாது மாமா, தண்ணி படக் கூடாது, பாத்துக்கோங்க."

"நீ போயிட்டு வாம்மா. எம் புள்ள மாதிரிப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். நான் திரும்பி வந்து எட்டாம் நம்பர் கதவைத் திறந்தால் ஜன்னல் இரண்டும் மலையைப் பார்த்து ஆவென்று திறந்து கிடக்கின்றன. ஏசி அணைந்திருக்கிறது. கூண்டு ஜன்னலோரம் ஸ்டூலில் இருக்கிறது. பக்கத்தில் நாற்காலி போட்டு மாமா, ஏதோ பெரிய புண்ணியம் செய்த முகத்தோடு. பொடிப்பொடியாகச் சாரல் உள்ளே வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. பவுனு மூலையில் சுருண்டு, ரோமமெல்லாம் கற்றை கற்றையாக ஒட்டி, கிடுகிடுவென்று நடுங்குகிறாள்.

"மாமா!" என்று நான் போட்ட கத்தலில் அடுத்த அறைக்காரர்கள் கதவைத் திறந்தார்கள். "என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கீங்க! நனைஞ்சா செத்துப்போவும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! மழை படக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

மாமா எழுந்து நின்றார். அவர் முகத்தில் இருந்தது நிஜமான குழப்பம்.

"மழையிலயா வச்சேன்? சாரல்லதானம்மா வச்சேன்?"

அவர் ஏமாற்றவில்லை. இந்த ஊர்க்காரருக்கு மழை வேறு, சாரல் வேறு. மழை நனைக்கும். சாரல் என்பது ஆசீர்வாதம், அது எப்படி நனைக்கும்? புள்ளத்தாச்சி அடைத்த அறைக்குள் மெஷின் காற்றைக் குடித்துக்கொண்டு கிடக்கிறாளே, நாள் வேறு நெருங்குகிறதே, கொஞ்சம் நல்ல காற்று படட்டும், சுகமாகப் பெறட்டும் என்று அந்த மனிதர் பாசத்தில் செய்திருக்கிறார். பிறந்ததிலிருந்து சாரலில் நின்றவரிடம் சாரலும் தண்ணீர்தான் என்று நான் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஆனால் அப்போது இதையெல்லாம் யோசிக்கிற நிலையிலா இருந்தேன்? "வெளிய போங்க மாமா" என்றேன். அந்த வீட்டில் அவரை அப்படிச் சொன்னவர் யாருமில்லை. அவர் போய்விட்டார்.

ஜன்னலைச் சாத்தி ஏசியைப் போட்டேன். பவுனுவை மடியில் வைத்துத் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். அழுத்தித் துடைக்கக் கூடாது, வயிற்றில் குட்டிகள். ஒரு துண்டு நனைந்ததும் கதவு ஓரமாகத் திறந்து ஒரு கை உள்ளே வந்து உலர்ந்த துண்டுகளை அடுக்காக வைத்துவிட்டுப் போனது. மாமாவின் கை. லாட்ஜில் இருந்த வெளுத்த துண்டு முழுவதும் அன்று பவுனுவுக்குத்தான். பிறகு ஹேர் டிரையரைச் சூடில்லாமல் வைத்து, தள்ளிப் பிடித்து, ரோமத்தைப் பிரித்துப் பிரித்துக் காயவைத்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உடம்பு காய்ந்தது. நடுக்கம் நின்றது. ஆனால் எதையும் தின்னவில்லை. புதுப் புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டர் சேக் மைதீன் போனில், "பயந்திருக்கும்மா. அரட்டாம விடுங்க. இதுல வலி வந்தாலும் வந்துரும்" என்றார்.

விடியும்போது அப்படியே வந்தது. பவுனு உடம்பை நீட்டி நீட்டி மடக்கினாள். பின்னங்காலில் எழுந்து நின்றாள், கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகினாள். பனிக்குடம் உடைந்து அடி ரோமம் நனைந்தது. நான் பாயில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். சரியாக அந்த நேரத்தில் ஏசி 'டொக்' என்று நின்றது.

கரண்ட் போய்விட்டது. இலஞ்சிப் பக்கம் கம்பியில் மரம் சாய்ந்துவிட்டதாம். காற்றிலிருந்து கரண்ட் எடுக்கிற மாவட்டம் எங்களுடையது, ஆனால் காற்றடித்தால் முதலில் போவது கரண்ட்தான். கதவிடுக்கு வழியாக ஈரக்காற்று உள்ளே வர ஆரம்பித்தது. சுவரில் கை வைத்தேன், பிசுபிசுத்தது. ஏசி இல்லை, டிரையர் இல்லை. ஈரத்தோடு பிறக்கிற குட்டியை எதை வைத்துக் காயவைப்பேன்?

கதவைத் திறந்து பார்த்தேன். தாழ்வாரத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு நேரம் அங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

"வலி வந்துட்டு மாமா. கரண்ட் இல்ல" என்றேன். அழுதுவிட்டேன்.

அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். லாட்ஜில் சின்ன ஜெனரேட்டர் ஒன்று உண்டு. தண்ணீர் மோட்டாரையும் எல்லா அறை விளக்கையும் தாங்கும். ஏசியைப் போட்டால் அதோடு ஒரு டிரையர் ஓடும், மற்றது எதையும் தாங்காது. சீசனில் தண்ணீர் வராவிட்டால் ஆட்கள் என்ன பேச்சுப் பேசுவார்கள் என்று மாமாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் நேராக மெயின் போர்டுக்குப் போய் மோட்டாரை அணைத்தார். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று வரிசையாக எல்லா ஸ்விட்சையும் கீழே தள்ளினார். ஜெனரேட்டர் உறுமியது. எட்டாம் நம்பரில் ஏசி ஓடியது.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, பிரஷ்ஷும் வாளியுமாக எல்லா அறையும் வெளியே வந்துவிட்டது. ஒருவருக்குப் பாதி முகத்தில் ஷேவிங் நுரை. "என்ன அண்ணாச்சி, ஜெனரேட்டர் ஓடுது, தண்ணி வரல, லைட் எரியல?" என்று ஆளுக்கு ஆள் சத்தம்.

மாமா இரண்டு கையையும் கூப்பினார். "எங்க வீட்ல பேறுகாலம். பொறுத்துக்கிடணும்."

சத்தம் கப்பென்று அடங்கியது. மூன்றாம் நம்பரில் தங்கியிருந்த சந்தனமாரி அக்கா, வறண்ட கரிசல் ஊரான திருவேங்கடத்துக்காரி, முன்னே வந்தார். "இதை மொதல்லயே சொன்னா என்ன அண்ணாச்சி? ஆம்பளைகள்லாம் தள்ளி நில்லுங்க. பிளாஸ்க்ல வெந்நி இருக்கு, இந்தா எடுத்துட்டு வாரேன். பொண்ணு எந்த ரூம்ல?"

வெந்நீரோடு உள்ளே நுழைந்தவர் என்னைப் பார்த்தார், கட்டில் எங்கே என்று தேடினார், கடைசியில் கூண்டைப் பார்த்தார். "எம்மாடி! பெருச்சாளியா?"

"சின்சில்லா" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்னமோ ஒண்ணு. வலின்னா எல்லாத்துக்கும் வலிதான்" என்று என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் கொண்டுவந்த வெந்நீரை பாட்டிலில் ஊற்றி, துண்டில் சுற்றி, தயாராக வைத்தேன். வாசலில் அத்தனை தலைகள். முத்துகுமரன் ஹெல்மெட்டோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "எல்லாரும் சத்தம் போடாதீங்க" என்று வாசலை அடைத்து நின்றுகொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் அவ்வளவு கம்பீரமாகப் பார்த்ததில்லை.

பவுனு குனிந்தாள். தன் வாயாலேயே பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது முதல் குட்டி! கண் திறந்து, ரோமத்தோடு, வாலோடு, அப்படியே அவளை அச்சில் வார்த்த மாதிரி, என் பெருவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம். நக்கி நக்கி அவளே துடைத்தாள். அறை உலர்ந்திருந்ததால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் ரோமம் பூத்துக்கொண்டு வந்தது. தள்ளாடி எழுந்து அம்மாவின் வயிற்றுக்கு அடியில் நுழைந்தது.

பவுனு நிமிர்ந்தாள். வாயெல்லாம் ரத்தம்.

"ஐயையோ, குட்டியத் தின்னுதே!" என்று சந்தனமாரி அக்கா அலறினார்.

"தின்னல அக்கா. நஞ்சுக்கொடி அது. வாயால இழுத்தாள்லா, அந்த ரத்தம்" என்றேன். சொன்னேனே தவிர எனக்கும் பயம் விடவில்லை. ஏனென்றால் வயிறு இன்னும் முழுசாக வற்றவில்லை. இன்னொன்று உள்ளே இருந்தது. பவுனு களைத்துப் படுத்துவிட்டாள். நேரம் போனது. டாக்டரைக் கூப்பிட்டேன். "இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க. வரலன்னா அப்படியே இங்க தூக்கிட்டு வந்துருங்க, நான் ரெடியா இருக்கேன்" என்றார். தூக்கிக்கொண்டு போவதென்றால் இந்தச் சாரலிலா? ஜன்னல் கண்ணாடியில் அது வழிந்துகொண்டிருந்தது.

மாமா கூண்டுக்கு அருகில் வந்து உட்கார்ந்தார். "தாயி, பவுனு" என்றார் மெதுவாக. "நான் செஞ்சது தப்பு. நீ சங்கடப்படாம பெத்துரு தாயி."

பவுனு எழுந்தாள். முக்கினாள், முனகினாள். இரண்டாவது வந்து விழுந்தது. அசையவில்லை. பவுனு அதை ஒரு தடவை முகர்ந்தாள், முதல் குட்டியிடம் திரும்பிவிட்டாள்.

கையில் எடுத்தேன். ஈரத்துணியைத் தொட்ட மாதிரி சில்லென்று இருந்தது. மூக்கையும் வாயையும் மூடியிருந்த சவ்வைத் துடைத்தேன். வெந்நீர் பாட்டில்மேல் துண்டைப் போட்டு அதில் வைத்து முதுகைத் தேய்த்தேன். "மாமா, டிரையரை எடுங்க. சூடு கம்மில வைங்க. கிட்டக் கொண்டு வராதீங்க, உங்க கையில பட்டா பொறுக்குற சூடு போதும்."

மாமா ஒரு கையில் டிரையரைப் பிடித்து, மறு கையைக் குட்டிக்குப் பக்கத்தில் நீட்டி, சூடு சரியா என்று தன் தோலிலேயே பார்த்துக்கொண்டு நின்றார். சாரலைத் தவிர வேறு காற்றே அறியாத மனிதர் டிரையரைப் பிடித்திருந்தார். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். "உமா, போதும்மா" என்று முத்துகுமரன் சொன்னது எனக்குக் கேட்டது. "போதாது" என்று அதட்டினேன். அவரை இல்லை, என் கையில் கிடந்ததை. "எந்திரிட்டி! எந்திரிங்கேன்லா!"

வாய் திறந்தது. ஒரு தடவை. மூடியது. மறுபடி திறந்து, கதவில் எண்ணெய் போடாத கீல் மாதிரி ஒரு 'கீச்.'

அந்தச் சத்தத்துக்கு பவுனு சட்டென்று திரும்பினாள். நான் கூண்டுக்குள் கையை நீட்டினேன். அவள் வந்து என் விரலையும் சேர்த்து நக்கினாள். குட்டி மறுபடி கீச்சிட்டது, இந்தத் தடவை கோபமாக. என் புத்தி அப்படியே வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ரெண்டு!" என்று சந்தனமாரி அக்கா வாசலைப் பார்த்துக் கத்தினார். "ரெண்டும் உசிரு!" தாழ்வாரமே கைதட்டியது. நுரை முகக்காரர் பக்கத்து அறைக்காரரைக் கட்டிப்பிடித்து அவருக்கும் நுரையைப் பூசிவிட்டார். தனிக் கூண்டிலிருந்த மைனர் சக்கரத்தில் ஏறி ஓடு ஓடென்று ஓடினான். மாமா டிரையரை அணைக்க மறந்து, அதைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். எனக்கு அத்தனை சந்தோஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை, முத்துகுமரனிடம் சொல்லிவிடாதீர்கள்.

"ரெண்டாவதுக்குச் சாரல்னு பேர் வைப்போமாம்மா?" என்றார் மாமா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அந்தப் பேரை மட்டும் எடுக்காதீங்க" என்றேன்.

"எங்க ஊர்ப் பேரை வைங்க" என்றார் சந்தனமாரி அக்கா. "திருவேங்கடம். ஒரு சொட்டு ஈரம் கிடையாது."

அறையே சிரித்தது. ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்கு முன்பே அவன் திருவேங்கடம் ஆகிவிட்டான்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாசலில் கார் ஹாரன். சிவகிரி வண்டி. நம்பிராஜன் அண்ணாச்சி வருகிற வழியிலேயே பழைய குற்றாலத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட, எண்ணெய்த் தூக்கோடு நேராகத் தன் அறையை நோக்கி வந்துகொண்டிருந்தார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நான் குட்டிகளைப் பார்த்தபடி காதை மட்டும் வாசலில் வைத்தேன். இத்தனை வருஷத்தில் மாமா அவருக்கு ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை.

"அண்ணாச்சி, எட்டாம் நம்பர் கிடையாது" என்றார் மாமா.

"என்னவே சொல்லுதீரு? ஆளு இருக்கா?"

"இருக்கு. காலையிலதான் ரெட்டைப் புள்ள பெத்திருக்கா. இனி அது அவ ரூம்தான். ரெண்டாம் நம்பர்ல இருக்கவுக இன்னைக்குக் கிளம்புதாக, அதை உங்களுக்கு ஒழிச்சுத் தாரேன். ஏசி இருக்காது. ஜன்னலைத் திறந்து விடுதேன், நல்லாச் சாரல் வரும்."

எண்ணெய்த் தூக்கைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணாச்சியின் குரல். "பெத்தவளைப் பாக்காம எப்படிப் போறது? எட்டிப் பாத்துட்டாவது போறேன்." ஈரக் கால்கள் தபதபவென்று மிதியடிப் பக்கம் வந்தன.

நான் எழுந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா குறுக்கே கையை நீட்டிவிட்டார். தோளில் கிடந்த கடைசி உலர்ந்த துண்டை எடுத்து அண்ணாச்சி கையில் திணித்தார்.

"ஈரத்தோட வராதீக அண்ணாச்சி. தலையத் துவட்டி, வேட்டிய மாத்திட்டு வாங்க."

அண்ணாச்சி துண்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "ஏம்வே, நாலு சொட்டுத் தண்ணிதான? அதுவும் பாதி சாரல்."

"சாரலும் தண்ணிதான்" என்றார் என் மாமனார் குத்தாலிங்கம். சொல்லிவிட்டு எட்டாம் நம்பர் கதவை வெளியிலிருந்து சாத்தினார்.